நிரப்பிய ஒன்பது படிவங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர்களுக்கு 'இனிமையான அனுபவங்கள் சில' எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இனிமை வேண்டுமென்றால் வெள்ளவத்தைக் காலி வீதியில் நல்ல பலகாரக் கடைகள் இருக்கின்றன. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அரை ஆயுள் சமூகவியலும் மேடைப் பேச்சும் படிப்பித்த ஒருத்தியிடம் கேட்டால், அவளுக்கு எது தொண்டையில் நிற்கிறதோ அதைத்தான் எழுதுவாள். எனக்கு நிற்பது ஒரு சனிக்கிழமை. என் பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தபோதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய விரிவுரையாளர்களே, முதலில் ஒன்று. 'அறிமுகப் பாடம்தானே, யாரும் எடுக்கலாம்' என்று உங்களிடம் சொல்லித்தான் அந்த வகுப்புகளைத் தலையில் கட்டியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். நம்பாதீர்கள். மூன்றாமாண்டு மாணவன் நீங்கள் சொல்வதைச் சந்தேகப்படுவான். முதலாமாண்டுப் பிள்ளை சொன்னதை அப்படியே செய்யும். அதுதான் பயம்.

அப்போது யுத்த காலம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீடு ஒன்றுக்குப் பெயர்ப்பலகை மாட்டிக் கல்லூரி நடத்தினார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளும், வெளிநாட்டு விசா வரும்வரை சும்மா இருக்கக்கூடாதென்று பெற்றோர் சேர்த்துவிட்ட பிள்ளைகளும்தான் எங்கள் மாணவர்கள். திங்களும் புதனும் சமூகவியல் அறிமுகம், வெள்ளியில் மேடைப் பேச்சு. இரண்டும் என் தலையில். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன்.

எங்கள் பாடநூல் வெளிநாட்டில் எழுதியது. 'நகரமும் குடிபெயர்வும்' என்ற அத்தியாயத்தின் முடிவில் ஒரு பயிற்சி இருந்தது. மாணவர்கள் வீடு வீடாகப் போய் ஒரு படிவம் நிரப்பி வரவேண்டும். பத்துக் கேள்விகள். வீட்டில் தங்கியிருப்பவர்களின் பெயரும் வயதும் முதலாவது. நான்காவது, 'இதற்கு முன் எங்கே வசித்தீர்கள்? இந்த முகவரிக்கு எப்போது வந்தீர்கள்?' நான் உட்கார்ந்து அழகான தமிழில் மொழிபெயர்த்து, ரோனியோ மெஷினில் பிரதி எடுத்து, ஆளுக்குப் பத்துத் தாள் கொடுத்தேன். பாடநூலை எழுதியவருடைய ஊரில் அவை சாதாரணக் கேள்விகள். வெள்ளவத்தையில் அதே கேள்விகளைச் சீருடை போட்டவர்கள் கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழர் தங்கியிருக்கும் வீடென்றால் ஆட்களின் பெயரைப் பொலிஸில் பதிந்து ஒரு துண்டு வைத்திருக்க வேண்டும். துண்டில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் ஜீப்பில் ஏறவேண்டியதுதான். என் சொந்த வீட்டுத் துண்டு எங்கள் ஷோகேஸ் லாச்சிக்குள் இருந்தது. வேலைக்கு வரும்போது அதன் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். அப்படிப்பட்ட நான், அதே கேள்விகளை என் கையால் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினேன். சமூகவியல் படித்தவளாம் நான்.

இன்னும் கேளுங்கள். அந்தப் படிவத்தோடு நான் நிறுத்தவில்லை. இரண்டு பாடத்தையும் இணைக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை. வெள்ளிக்கிழமை மேடைப் பேச்சு வகுப்பில், கதவைத் திறக்க வைக்கும் முப்பது விநாடிப் பேச்சு என்று ஒன்று பழக்கினேன். கதவு திறந்ததும் சிரிக்க வேண்டும். பெயரைச் சொல்லி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பிறகு, 'நீங்கள் தரும் தகவல்கள் படிப்புக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் காட்டமாட்டோம்' என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் வரும்போது குரலைக் கொஞ்சம் இறக்கு, கண்ணைப் பார்த்துச் சொல் என்றெல்லாம் நடித்துக் காட்டினேன். பயந்துபோயிருந்த சனங்களை நம்ப வைக்கிற வித்தையை நான் படிப்பித்திருக்கிறேன். அதற்குப் புள்ளியும் போட்டிருக்கிறேன்.

அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை. அவளும் கொட்டாஞ்சேனைதான். தகப்பன் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் கணக்குப் பார்க்கிறவர். மேடையில் ஏறினால் அவள் குரல் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. அவளுடைய தாளில் 'குரல் போதாது' என்று ஒவ்வொரு மாதமும் எழுதுவேன். அன்றைக்கு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், யாருக்கும் காட்ட மாட்டோம் எண்டு சொல்லச் சொன்னீங்களே. மெய்யாவே காட்ட மாட்டோமா?"

"மெய்யாத்தான். ஏன் கேக்கிறீங்க?"

"இல்ல மிஸ், நான் சொன்னா அவங்க நம்புவாங்க. அதான் கேட்டன்."

நான் சிரித்துக்கொண்டு, "நான் மட்டும்தான் பாப்பேன். புள்ளி போட்டுட்டு எரிச்சிடுவேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் தர்ஷினி ஒரே ஒழுங்கையில் ஒன்பது கதவு தட்டினாள். ஒன்பதாவது கதவு, ஒரு லொட்ஜின் மேல்மாடி அறை. அங்கே பரமேஸ்வரி என்று ஓர் அம்மா, இரண்டு பெண்பிள்ளைகளோடும் மகனோடும் இருந்தார். கதவுச் சங்கிலியைக் கழற்றாமல்தான் முதலில் பேசினாராம். தர்ஷினி அந்த முப்பது விநாடியைச் சொன்ன பிறகு சங்கிலியைக் கழற்றி, உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மகன் நிரோஜனுக்குப் பத்தொன்பது வயது. கிளிநொச்சியிலிருந்து வந்து மூன்று கிழமைதான். அவனுடைய பெயர் துண்டில் இல்லை. பதியப் போனால் அறைகளில் எத்தனை பேரை அடைத்து வைத்திருக்கிறார் என்பது வெளியே வந்துவிடும் என்று லொட்ஜ்காரர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தூதரகத்தில் நேர்முகம். அது சரிவந்தால் வெளிநாட்டில் இருக்கும் தமையனிடம் போய்விடுவான். அதுவரை அறையை விட்டு வெளியே வரவிடாமல் வைத்திருந்தார்கள்.

"பிள்ளை, இது அவங்களின்ர கைக்குப் போகாதுதானே?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

"இல்ல அன்ரி. எங்கட மிஸ் மட்டும்தான் பாப்பாங்க."

நான்காம் கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு படியிறங்கி வந்த தர்ஷினியைப் பொலிஸார் ஒழுங்கை முனையில் பிடித்தார்கள். யாரோ ஒரு பெட்டை வீடு வீடாகத் தமிழாட்களின் பெயரை எழுதிக்கொண்டு திரிகிறாள் என்று எவரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். படிவங்களைப் போட்டு வைத்திருந்த கோவையை அவர்கள் கேட்டபோது அவள் கொடுக்கவில்லை. "மிஸ் வந்தாத்தான் தருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொலிஸ் நிலைய வாங்கில் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

கல்லூரிப் பணிப்பாளர் எனக்கு ஃபோன் எடுத்தார். ஓட்டோ பிடித்துப் போனேன். அவர் கல்லூரி வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து இருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"மிஸ், பொடிச்சி எங்கட கொலிஜ்தான், அதை மறைக்கேலாது. ஆனா இந்தக் கணக்கெடுப்பு அவவின்ர சொந்த வேலை எண்டு சொல்லிப்போடுங்கோ. கொலிஜின்ர பேர் இதுக்குள்ள வரக்கூடாது."

"அனுப்பினது நான் சேர். படிவம் என்னுடையது."

"அதைத்தான் சொல்லாதேங்கோ எண்டுறன்."

பதினெட்டு வயதுப் பிள்ளை பொலிஸில் இருக்கிறாள், இந்த மனிதருக்குப் பெயர்ப்பலகையைப் பற்றிக் கவலை. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "நான்தான் அனுப்பினேன் எண்டு அங்க போய்ச் சொல்லத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பொலிஸ் நிலையம் வரைக்கும் அந்த நூறு கஜத் தூரமும் நான் பெரிய வீராங்கனை. அநியாயத்தை எதிர்த்து நிற்பவள். எதிரில் நிற்கும் கோழையைப் பார்த்துக் கோபப்படும்போது நம்முடைய மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

நிலையப் பொறுப்பதிகாரி எழுந்து நின்று கதிரையைக் காட்டி, "வாடிவென்ன மிஸ்" என்று சிங்களத்தில் இருக்கச் சொன்னார். எனக்குத் தேத்தண்ணி சொன்னார். கொட்டாஞ்சேனைத் தெருவில் விளையாடும்போதே சிங்களம் பேசப் பழகியவள் நான். கால் மணி நேரம் பேசினேன். சமூகவியல் என்றால் என்ன, கணக்கெடுப்பு ஏன், பிள்ளைகள் நாட்டைப் புரிந்துகொள்ள இது எவ்வளவு அவசியம் என்று ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினேன். மேடைப் பேச்சுக்கு நூற்றுக்கு நூறு. அவர், சரி சரி என்பதாக, "ஹரி, ஹரி" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிவில் சிரித்தபடி, "மிஸ் பேசறதப் பார்த்தா தமிழ் ஆள் எண்டே தெரியல்ல" என்று சிங்களத்தில் சொன்னார்.

அதற்கு நான் சிரித்தேன். நன்றி வேறு சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவர் தொடர்ந்து, பிரச்சினை ஒன்றுமில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், அந்தத் தாள்களை ஒருதரம் பார்த்துவிட்டால் நிலையப் புத்தகத்தில் எழுதி முடித்துவிடலாம் என்றார். நான் தர்ஷினி பக்கம் திரும்பினேன்.

"குடுங்க பிள்ள."

"மிஸ், வேணாம்."

"ஒண்டும் நடக்காது. நான் எல்லாம் கதைச்சிட்டேன். குடுங்க."

"அவங்களுக்கு நான் சொல்லிட்டேனே மிஸ்."

அவள் குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் வந்தது. இந்த முறை எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும், இரண்டு எட்டு வைத்துப் போய் அவள் கையிலிருந்து கோவையை வாங்கி, மேசையில் நானே வைத்தேன். பொலிஸ்காரர் பிடுங்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் கைப்பைக்குள் நிரப்பாத படிவம் ஒன்று மடித்துக் கிடந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் பயிற்சி என்னவென்று அவருக்கு விளங்கியிருக்கும். நிரப்பிய தாள் கல்லூரியின் சொத்து, பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சட்டத்தரணி வரட்டும் என்றிருக்கலாம். பிள்ளை இன்னும் இரண்டு மணி நேரம் வாங்கில் இருந்திருப்பாள், அவ்வளவுதான். அவள் அதற்குத் தயாராக இருந்தாள். நான்தான் தயாராக இல்லை. என் பேச்சு வென்றுவிட்டது, அதைக் கையோடு முடித்துவைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவர் அதட்டியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அவர் மரியாதை காட்டினார். அதில் விழுந்தேன்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு தாளாக வாசித்தார். பெயர், வயது, அறை இலக்கம். எங்கேயிருந்து, எப்போது. தர்ஷினியின் கையெழுத்து மிகத் தெளிவானது, எங்கும் தடுக்கவில்லை. பொறுப்பதிகாரி மூன்று முகவரிகளைத் தனித்தாளில் எழுதிக்கொண்டார். பிரதி எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று கோவையை வைத்துக்கொண்டார்கள்.

வெளியே காலி வீதிக்கு வந்ததும் நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தீங்களா, முறையாப் பேசினா எல்லாம் சுமுகமா முடியும்" என்றேன். பாடம் எடுத்தேன், நடுத்தெருவில்.

அவள், "ஒன்பது வீடு மிஸ்" என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருக்கவில்லை.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு ஜீப் போனது. மூன்று முகவரிகளில் இரண்டில் துண்டு சரியாக இருந்தது. மேல்மாடி அறையிலிருந்து நிரோஜனைக் கொண்டுபோனார்கள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது தர்ஷினிதான் கோயில் வாசலில் வைத்துச் சொன்னாள். திங்கள் காலை பணிப்பாளரிடம் ஓடினேன். இந்தப் பெயர் எங்கள் படிவத்தால்தான் வெளியே போனது, தூதரகக் கடிதத்தைக் காட்டி, பையன் விசாவுக்கு வந்தவன் என்று கல்லூரி சார்பில் ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

"லொட்ஜில ஆரும் பதியாமல் இருந்தா அதுக்கு நாங்களோ பொறுப்பு?" என்றார். பிறகு ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, நிலைமையைச் சாதுரியமாகக் கையாண்டு கல்லூரியின் நற்பெயரைக் காப்பாற்றியதற்காக எனக்கு நன்றி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் நிறுத்தவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

செவ்வாய் விடிந்ததும் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அதே பொறுப்பதிகாரி. இந்த முறை கதிரை இல்லை. அதே சிங்களத்தில்தான் பேசினேன், இன்னும் நன்றாகவே பேசினேன். "இது விசாரணை மிஸ், உங்கட பாடமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பத்து மணிக்குத் தூதரகத்தில் அவனுடைய பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் அந்த நேரம் நிலையத்து மதிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

நிரோஜனை ஒன்பது நாள் வைத்திருந்து விடுதலை செய்தார்கள். குற்றம் எதுவும் இல்லை. தூதரகத்தில், நேர்முகத்துக்கு வராதவர் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றுவிட்டார்கள். அந்த ஒன்பது நாளும் அந்த அம்மாவோடு சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு நிலைய வாசலுக்குப் போனவள் தர்ஷினி. அதனால் வகுப்புக்கு வரவில்லை. வரவு போதாதென்று கல்லூரி அவளிடம் விளக்கக் கடிதம் கேட்டது. ஒப்படையாகக் கொடுத்த அந்தப் பயிற்சிக்கும் பூச்சியம். நிரப்பிய படிவங்களை இணைக்காவிட்டால் புள்ளி இல்லை என்று விதி. விதியை எழுதியவள் நான். படிவங்கள் பொலிஸில் இருக்கின்றன, அங்கே கொடுத்தவளும் நான். இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது? பணிப்பாளரோடு கத்திச் சண்டை போட்டு இரண்டையும் மாற்ற வைத்தேன். அவளிடம் சொன்னபோது, "பரவால்ல மிஸ்" என்றாள். அதில் ஒரு துளி மகிழ்ச்சி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்பில் எந்தப் படிவத்திலும் பெயர் எழுதவிட்டதில்லை. நான்காம் கேள்வியை எடுத்துவிட்டேன். நிரப்பிய தாளை மாணவர் கையில் தெருவில் கொண்டு திரியவிட்டதும் இல்லை. இப்போது நீங்கள் கைத்தொலைபேசியில் படிவம் நிரப்புகிறீர்களாம், வீட்டை, ஆட்களைப் படமும் எடுக்கிறீர்களாம். யாரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கிறீர்கள்? நாளைக்கு ஒருவர் மரியாதையாகக் கதிரை போட்டுக் கேட்டால் கொடுக்கமாட்டீர்கள் என்று உங்களில் எத்தனை பேர் சத்தியம் செய்வீர்கள்? யுத்தம் முடிந்துவிட்டது என்று என்னிடம் சொல்லவேண்டாம். பயந்த சனம் எங்கேயும் எப்போதும் இருக்கும். அவர்களுடைய கதவை நீங்கள் தட்டுவீர்கள். மாணவர் உங்கள் பெயரில் வாக்குக் கொடுப்பார்கள். அந்த வாக்கைக் காக்கத் துணிவில்லையென்றால் அந்த ஒப்படையைக் கொடுக்காதீர்கள். புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

நிரோஜன் வெளியே வந்த மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போகத் தைரியமில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

பரமேஸ்வரி அம்மா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் கட்டிலில் நிரோஜன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சேர்ட்டின் முதுகுப்புறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் வாசலில் நின்றபடியே பேசினேன். பிழை முழுதும் என்னுடையது, பிள்ளைமேல் கோபப்படாதீர்கள், தூதரகத்துக்கு நானே கூட வருகிறேன், என்ன செலவானாலும் பார்க்கிறேன் என்றேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் என் குரல் இறங்கியது. அவர் கண்ணைப் பார்த்துத்தான் பேசினேன்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார்.

"நல்லாக் கதைக்கிறியள் மிஸ்" என்றார். "அங்க, அவங்களுக்கு முன்னாலயும் இப்பிடித்தான் கதைச்சனீங்களோ?"



அவர் என்னைத் தாண்டி, படியில் நின்றவளைப் பார்த்து, "நீ உள்ள வா பிள்ளை. சாப்பிட்டனீயோ?" என்றார். தர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைக் கடந்து உள்ளே போனாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. பிறகு உள்ளேயிருந்து சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது.